சஹனில் வெறுஞ்சோறு

கமாலுதீனின் உதடு வீங்கியிருந்ததை முதலில் பார்த்தவள் அவருடைய மனைவி மெஹரூன்னிசா. பார்த்ததும் சிரித்துவிட்டாள். மரக்காணம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டு வாசலில், வேனிலிருந்து பிரியாணி தேக்சா அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார் அவர். திரும்பியபோது மேலுதடு மட்டும் தேனீ கொட்டியதுபோல உருண்டு நின்றது.

"யார் வீட்டு நெய்யைத் திருடித் தின்னீங்க?" என்று கேட்டாள்.

அவரும் சேர்ந்து சிரித்தார். விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வி ஒருநாள் உண்மையாகித் தன் நெஞ்சைச் சுடப்போகிறது என்று அந்த மனிதருக்கு அப்போது தெரியாது.

கமாலுதீன் ஒரு பண்டாரி. கல்யாணத்துக்கும் வலிமா விருந்துக்கும் விறகடுப்பு மூட்டி பிரியாணி ஆக்கிக் கொடுப்பவர். இளவயதில் ஷார்ஜாவில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் வெங்காயம் உரித்து, பாத்திரம் தேய்த்து, கடைசியில் கரண்டி பிடித்தவர். ஊர் திரும்பிச் சொந்தமாக அடுப்பு வைத்த பிறகு கோட்டக்குப்பத்திலிருந்து பிரம்மதேசம் வரை அவர் கை மணக்காத பந்தல் இல்லை. முஸ்லிம் வீட்டு நிக்காஹ் என்றில்லை, உள்ளூர் கிராமங்களில் காதுகுத்துக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

அவரிடம் ஒரு பலவீனம் இருந்தது. யாராவது தன்னைப் புகழ்ந்தால் உருகிவிடுவார். பந்தி நடக்கும்போது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாரையோ தேடுவதுபோல வாசலருகே போய் நிற்பார். சாப்பிட்டு எழுந்து வருகிறவர்கள் "பாய், இன்னிக்கு அள்ளிட்டீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, காதில் விழாததுபோல அடுப்படிக்குத் திரும்புவார். பாவம், வேறென்ன சுகம் கண்டார் அவர்? புகையும் வியர்வையும்தான் அவர் வாழ்க்கை.

உதட்டு வீக்கம் மறுநாள் வடிந்தது. ஆனால் பிறகு முதுகிலும் தொடையிலும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. கல்யாண வேலைக்குப் போய்வந்த மறுநாளெல்லாம் உடம்பு ரணகளமாகும். மாத்திரை போட்டால் அடங்கும், விட்டால் மறுபடி வரும். இரண்டாம் முறை உதட்டோடு நாக்கும் தடித்தபோது மெஹரூன்னிசா சிரிக்கவில்லை. அழுதுகொண்டே அவரைப் புதுச்சேரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் நிவேதா பொறுமையான பெண். ரத்தப் பரிசோதனையில் தெளிவாக ஒன்றும் பிடிபடவில்லை. உங்க உடம்புக்கு எது ஆகலைங்கறதை உங்க உடம்பேதான் சொல்லணும், அதுக்கு முதல்ல எல்லாத்தையும் நிறுத்தணும் என்றார். பால், தயிர், நெய், முட்டை, மீன், இறால், கோதுமை, கடலை, முந்திரி, தக்காளி, கத்தரிக்காய், மசாலா எதுவும் கூடாது. அரிசிச்சோறு, வேகவைத்த ஆட்டுக்கறி, சுரைக்காய், பீர்க்கங்காய், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், உப்பு. சில வாரம் இதில் இருந்து உடம்பு அடங்கியதும், ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். எது வந்ததும் தடிப்பு வருகிறதோ அதுதான் எதிரி.

"விளையாட்டா எடுத்துக்காதீங்க பாய். இன்னிக்கு உதடு வீங்குது. நாளைக்குத் தொண்டை வீங்கினா மூச்சு அடைச்சிடும்."

பிரியாணிப் பண்டாரிக்கு வெறுஞ்சோறும் வெந்த கறியும். தெருவே இதைச் சொல்லிச் சிரித்தது. மெஹரூன்னிசா சிரிக்கிற வாயையெல்லாம் அடைத்தாள். முந்திரி டப்பாவையும் நெய் ஜாடியையும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தினாள். காலையில் ஏலக்காய் போட்ட பால் டீ குடிக்காமல் அவளுக்குப் பொழுதே விடியாது. அவள் கடுங்காப்பி குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகினாள். அவர் எதைத் தின்ன முடியாதோ அதைத் தானும் தின்பதில்லை என்று அவள் யாரிடமும் அறிவிக்கவில்லை. சும்மா செய்தாள்.

வீட்டைவிட அவரைக் கலங்கவைத்தது அடுப்படிதான்.

அவருடைய செட்டில் மூன்று பேர். தங்கை மகன் ஷஃபி, கரண்டிக்கு அடுத்த ஆள், வாய் ஓயாதவன். மங்கம்மா, வெங்காயம் உரிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை பார்ப்பவள். விறகுக்கும் நெருப்புக்கும் அரசப்பன். அரசப்பன் உப்பளத்து ஆள். வெயில் காலத்தில் பாத்தியில் உப்பு வாருவான். மழை இறங்கி உப்பளம் மூழ்கியதும் கமாலுதீனிடம் வந்துவிடுவான்.

அந்தச் செட்டில் ஒரு வழக்கம். விருந்தாளிகளுக்கு இலையோ மேசையோ எதுவாவது இருந்துவிட்டுப் போகட்டும். தம் உடைத்து மூடி திறந்து, முதல் பந்திக்குப் பிரியாணி போன கையோடு சமையல் ஆட்களுக்கென்று ஒரு சஹன் இறங்கும். சஹன் என்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாய்ச் சாப்பிடும் பெரிய தட்டு. மங்கம்மா தன் பங்கை இலையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும், எவ்வளவு சண்டை நடந்திருந்தாலும், அந்த ஒரு தட்டைத் தனியாக யாரும் தொடக்கூடாது என்பது கமாலுதீன் வைத்த சட்டம்.

பத்தியம் தொடங்கிய பின் வந்த முதல் கல்யாணத்தில், மெஹரூன்னிசா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மங்கம்மா பார்த்துவிட்டாள்.

"என்னா பாய், தனிக்குடித்தனமா?"

அரசப்பன் எழுந்து வந்தான். அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸைப் பிடுங்கி, கழுவி வைத்திருந்த சஹனில் கவிழ்த்தான். ஷஃபி பெரிய சட்டியிலிருந்து வெறுஞ்சோற்றையும், மசாலா படாமல் தனியே வேகவைத்திருந்த கறியையும் கொண்டுவந்து மேலே கொட்டினான். மூவரும் முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள். நூறு கிலோ பிரியாணி ஆக்கிய நாலு பேரும் நடுவில் வெள்ளைச் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"சஹனுக்கு எல்லாரும் உக்காரணும்னு நீங்க சொன்னதுதான பாய்," என்றான் அரசப்பன்.

"எனக்குத் தொப்பை குறையட்டும் மாமு," என்றான் ஷஃபி. "பைக்ல பின்னாடி உக்கார எடமில்லன்னு பொண்டாட்டி தெனம் திட்டுறா."

அரசப்பன் இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தான். தன் உப்பளத்து அம்பாரத்திலிருந்து எடுத்து, அலசி, வெயிலில் காயவைத்த உப்பு. கடை உப்பில் என்னென்ன கலந்திருக்கிறதோ, இதில் கடலும் வெயிலும்தான் இருக்கிறது என்று சொல்லிச் சோற்றின் மேல் தூவினான். கமாலுதீன் முதல் கவளத்தை வாயில் வைத்தார். கண்ணீர் வந்தது. புகை என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர்களை ஒருவன் ஏமாற்றுவானா? ஏமாற்றினார்.

அது ஏமாற்று என்று தொடக்கத்தில் அவருக்கே தெரியாது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் அவர்தான். நோன்போடு காய்ச்சும்போது உப்புச் சரியா என்று எப்படிப் பார்ப்பது? நாக்கு நுனியில் ஒரு துளி வைத்து, உடனே துப்பி, வாய் கொப்பளித்துவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். வருடம் தவறாமல் அப்படித்தான் செய்து வந்தார். ஒரு சொட்டு உள்ளே போனதில்லை.

அதே கணக்கை அவர் டாக்டரின் பத்தியத்துக்கும் போட்டுவிட்டார். தால்சாக் குழம்பில் புளி தூக்கலா பாருங்க மாமு என்று ஷஃபி கேட்டபோது, நாக்கு நுனியில் வைத்தார், துப்பினார், கொப்பளித்தார். நோன்பே முறியாத காரியத்தில் பத்தியமா முறியும்? டாக்டரிடம் கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நாக்கில் பட்டதே போதும், அந்த உடம்புக்கு அது விஷமாகலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆனால் நோன்பு மாலையில் முடிந்துவிடும். இந்தப் பத்தியத்துக்கு மாலையே வரவில்லை. வெறுஞ்சோறும் சுரைக்காயும் தின்று மரத்துப்போன நாக்கு, அந்த ஒரு துளியில் உயிர்த்து எழுந்தது. அடுத்த வேலையில் துளி சற்றுப் பெரிதானது. பிரெட் அல்வாவுக்கு நெய்யில் முந்திரி வறுக்கும்போது பதம் பார்க்க ஒன்றை எடுத்து மென்று துப்பினார். துப்பிய பிறகு யோசித்தார், மென்றதில் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. மீதி எங்கே போயிற்று என்று அவர் மனசாட்சி கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் துப்பவே இல்லை.

அன்றைக்கும் சஹனில் உட்கார்ந்தார். அன்றைக்கும் அவர்கள் மூவரும் வெறுஞ்சோறு தின்றார்கள். கொடுமை என்னவென்றால், ஊர் இப்போது அவர் பிரியாணியைவிட அவர் கட்டுப்பாட்டைப் புகழத் தொடங்கியிருந்தது. தேக்சா பக்கத்தில் நின்றுக்கிட்டு ஒரு பருக்கை தொடமாட்டாராமே, என்னா மனுஷன் என்றார்கள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலருகே நின்று அதையும் கேட்டார். காதில் விழாததுபோல அடுப்படிக்குத் திரும்பினார்.

தடிப்பு மட்டும் குறையவே இல்லை.

மறுபடி புதுச்சேரிக்குப் போனார்கள். வேறு எதுவும் வாயில் படலையே என்று டாக்டர் கேட்டார். கமாலுதீன் வாயைத் திறப்பதற்குள் மெஹரூன்னிசா முந்திக்கொண்டாள்.

"நோன்புல கஞ்சி அண்டா பக்கத்துலயே நிப்பாரு டாக்டரம்மா. ஒரு சொட்டு முழுங்க மாட்டாரு. அவரு நாக்கை நான் நம்புறேன்."

அவர் தரையைப் பார்த்தார். இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் பக்கத்தில் மனைவி தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தத் தலையை எப்படிக் குனியவைப்பது என்று தயங்கினார். தயக்கத்தில் அந்த நேரம் தாண்டிப்போய்விட்டது.

டாக்டர் அவள் பேச்சை நம்பினார். இவ்வளவு சுத்தமாக இருந்தும் அடங்கவில்லை என்றால் ஆட்டுக்கறியையும் நிறுத்திப் பார்ப்போம் என்றார். அதிலும் நிற்கவில்லை என்றால் காரணம் சாப்பாடு இல்லை. விறகுப் புகையும் மசாலாத் தூளுமாக இருக்கலாம். அப்போது அடுப்பு வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது மெஹரூன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுப்பு இல்லையென்றால் அவர் உயிரோடு இருந்தும் இல்லாதவர் என்று அவளுக்குத் தெரியும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தார். ஒரு பொய் தன் வேலையைத் தின்னப்போகிறது என்று தெரிந்தும் வாய் வரவில்லை. இனி தொடமாட்டேன் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வீட்டில் கறி நின்றது. செட்டுக்கும் விஷயம் போயிற்று. அடுத்த சஹனில் சோறும் சுரைக்காயும் மட்டும் இருந்தன. யாரும் முனகவில்லை.

பொம்மையார்பாளையத்துக் கல்யாணத்தில்தான் எல்லாம் வெடித்தது.

பெரிய இடத்துப் பெண். மழை விட்டிருந்த மதியம். முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கமாலுதீன் அல்வாவுக்கு முந்திரி வறுத்து இறக்கினார். மனதுக்குள் சொல்லிக்கொண்ட உறுதி அந்த வாசனையில் கரைந்தது. ஒரு பிடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்று ஒவ்வொன்றாக வாயில் போட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்.

அப்போது பெண்ணின் பெரியப்பா இன்னும் கொஞ்சம் தால்சா கேட்டுப் பின்பக்கம் வந்தார். வெள்ளைச் சோற்றையும் சுரைக்காயையும் தின்றுகொண்டிருந்த சமையல் ஆட்களைப் பார்த்தார். முகம் மாறியது. உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பந்தியில் ஒரு முணுமுணுப்பு பரவியது. ஆக்கினவங்களே தொடலையாம், கறியில ஏதோ இருக்குதாம். சிலர் கையை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியப்பா நாலைந்து பேரோடு திரும்பி வந்தார்.

"ஏம்பா, நீங்க ஆக்கினதை நீங்களே தின்னலையே. கறியில என்னா கோளாறு? எங்க மானத்தை வாங்கவா வந்தீங்க?"

ஷஃபி எழுந்து விளக்கினான். மாமுவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் பத்தியம், அவருக்காக நாங்களும் இதையே சாப்பிடுகிறோம் என்றான். சொன்னதைக் கேட்டு அந்த மனிதர்கள் சிரித்தார்கள். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாலு பேர் பட்டினி கிடப்பார்களா? இதை யார் நம்புவார்கள்? பெரியப்பா ஒரு தட்டில் பிரியாணியை எடுத்து கமாலுதீன் முன்னால் வைத்தார். கோளாறு இல்லையென்றால் நீ ஒரு வாய் தின்னு என்றார்.

கமாலுதீன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அரசப்பன் எழுந்தான். அமைதியான ஆள் அவன். நெருப்போடும் உப்போடும் பேசிப் பழகியவன், மனிதர்களோடு அதிகம் பேசமாட்டான். அவன் அந்தத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"நாங்க திங்கிறோம். எத்தினி தட்டு வேணும்னாலும் எடுத்தாங்க. இவரு தொடமாட்டாரு. இத்தினி நாளா ஒரு பருக்கை தொட்டதில்ல. எம் பொண்ணு செந்தமிழ் மேல சத்தியம்."

சொல்லிவிட்டுத் தரையில் ஓங்கி அடித்தான்.

செந்தமிழ் அவனுக்கு ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கமாலுதீன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகிற பெண். அவள் தலையின் மேல் ஒரு பொய்ச் சத்தியம் விழுந்தது. அதை விழவைத்தவர் நாக்கில் இன்னும் முந்திரியின் இனிப்பு இருந்தது. சத்தியத்துக்கு உண்மையிலேயே பலம் உண்டா இல்லையா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. தன் பொய்யின் கூலியை ஒரு குழந்தை தலையில் ஏற்றிவிட்டுத் தான் உட்கார்ந்திருக்க முடியுமா?

அவர் எழுந்தார்.

"சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்க, அரசப்பா," என்றார். "நான் தின்னேன்."

யாருக்கும் புரியவில்லை. அவர் சட்டைப்பையைப் பிரித்துக் காட்டினார். வெள்ளைச் சட்டையில் நெய்க்கறை வட்டமாகப் படர்ந்திருந்தது. உள்ளே இரண்டு முந்திரி மிச்சமிருந்தது. "இன்னிக்கு மட்டுமில்ல. ரொம்ப நாளா தின்னுட்டுத்தான் இருக்கேன். புள்ளை மேல வெச்சதை எடுத்துடு."

பிறகு பெரியப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். பண்டாரியே திருடித் தின்கிறார் என்றால் சாப்பாட்டில் என்ன கோளாறு இருக்கப்போகிறது? அதையே உள்ளே போய்ச் சொன்னார். பந்தி முழுக்கச் சிரிப்பு. எடுத்த கைகள் மறுபடி சோற்றுக்குள் போயின. தேக்சாக்கள் அடிவரை காலியாயின. சாப்பிட்டுப் போனவர்கள் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "அள்ளிட்டீங்க பாய்" என்று சொல்லிக் கண்ணடித்தார்கள். வாழ்நாளெல்லாம் அவர் ஏங்கிக் கேட்ட அந்தப் புகழ்ச்சி, அன்றைக்கு ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது.

சஹனில் சோறு பாதி மிச்சமிருந்தது. மூவரும் அதை மறுபடி தொடவில்லை. அரசப்பன் கையைக் கழுவிக்கொண்டு போய் அடுப்பில் எரியாத விறகுகளை இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தான். மங்கம்மாதான் பேசினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"வீட்டுலயும் எதையும் தொடாம, பக்கத்து வீட்டுல கருவாடு சுட்டா கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்தேன் பாய். நாக்கு ஊறும். உன்னை நெனைச்சு அடக்கிப்பேன்."

வேன் ஊர் திரும்பியது. எப்போதும் கமாலுதீன் பக்கத்தில் முன்னால் உட்காரும் அரசப்பன், பின்னால் தேக்சாக்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தான். உப்பளங்களில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. வரப்பு தெரியவில்லை, பாத்தி தெரியவில்லை. அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது அரசப்பன் ஒரே வார்த்தை பேசினான்.

"எம் பொண்ணு மேல வெச்சேன் பாய்."

வீட்டில் மெஹரூன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாக்கு நுனியில் தொடங்கியதிலிருந்து டாக்டர் முன்னால் தரையைப் பார்த்ததுவரை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஒரு டம்ளர் பாலோடு வந்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைத்தாள். அவருக்கு எதிரில் உட்கார்ந்து குடித்தாள். குடிக்கக் குடிக்கக் கண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த டீயை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் கையில் மறுபடி கடுங்காப்பிதான் இருந்தது.

"டாக்டரம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாள். "நான் கூட வருவேன். வாயைத் திறக்க மாட்டேன்."

சொன்னார். மனைவி முன்னால், நர்ஸ் முன்னால், தலை நிமிராமல் சொன்னார். நோன்புக் கணக்கையும் சொன்னார். டாக்டர் நிவேதா கோபிக்கவில்லை. துப்பினாலும் உடம்புக்குத் தெரிஞ்சிடும் பாய், இதை நான் முன்னாடியே கேட்டிருக்கணும் என்றார். ஆட்டுக்கறியைத் திருப்பிக் கொடுத்தார். இதுவரை இருந்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது, முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார். வேலையை விடுவது பற்றி அதன் பிறகு பார்க்கலாம்.

அந்த வாரம் அரசப்பன் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல், தெருவில் பல பிள்ளைகளுக்கு வந்திருந்தது. ஆனால் செய்தி கேட்டதும் கமாலுதீனுக்கு அந்தச் சத்தியம்தான் நினைவுக்கு வந்தது. பிஸ்கட் பொட்டலத்தோடு போய் அரசப்பன் வீட்டு வேலியோரம் நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை. மழையில் நனைந்தபடி நின்றவரை ஜன்னல் வழியாகப் பார்த்தது செந்தமிழ்தான். ஏன் பெரிப்பா அங்கயே நிக்கிறீங்க என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. பொட்டலத்தை ஜன்னலில் கொடுத்துவிட்டு, காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பினார். வீட்டுக்குள்ளே அரசப்பன் இருமுகிற சத்தம் கேட்டது. அவன் வெளியே வரவில்லை.

அடுத்த வேலை மரக்காணத்திலேயே வந்தது. கமாலுதீன் தம் உடைக்கும் கரண்டியை ஷஃபியிடம் கொடுத்தார். யாருக்கும் கொடுக்காத கரண்டி அது. இனி உப்பு, புளி, காரம் எல்லாம் நீதான் பாக்கணும், என் வாய்கிட்ட கொண்டுவராத என்றார். ஷஃபி எப்போதும்போல் கேலி பேசவில்லை. சரி என்று வாங்கிக்கொண்டான். முந்திரியை மங்கம்மா வறுத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்னார், சஹனில் இனி பிரியாணிதான், நீங்கள் மூவரும் வயிறாரச் சாப்பிடவேண்டும். அரசப்பன் அடுப்பை விட்டு நகரவில்லை; ஷஃபியும் மங்கம்மாவும் தயங்கிவிட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் கை வேகமாகத்தான் போயிற்று. எத்தனை நாள் அடக்கிய பசி. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பு கூசியது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் போனார்.

பெட்டியில் சோறும் சுரைக்காயும் கறியும் இருந்தன. உப்பு இல்லை. அரசப்பன் கொடுத்த பொட்டலம் தீர்ந்து நாளாகியிருந்தது. அவனிடம் கேட்க முகமில்லை. அவன் கொடுத்த இடத்தில் கடை உப்பை வைக்க மனமும் இல்லை. எனக்கு உப்புப் போடாதே என்று மெஹரூன்னிசாவிடம் சொல்லிவிட்டார். மீண்டும் தொடங்கிய நாளிலிருந்து உப்பில்லாச் சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தார்.

விறகு எடுக்க வந்த அரசப்பன் அவரைப் பார்த்து நின்றான். இரண்டு கட்டைகளைக் கையில் எடுத்தான். பிறகு கீழே வைத்தான். குனிந்து டிபன் பாக்ஸிலிருந்து ஒரு விரல் சோறு எடுத்து வாயில் போட்டான். மென்றான். முகம் சுளித்தது.

"உப்பில்லாம எப்படி எறங்குது?"

"எறங்கல அரசப்பா," என்றார் கமாலுதீன்.

அவன் போய்விட்டான். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தார். திரும்பி வந்தபோது அவன் கையில் சைக்கிளில் மாட்டியிருந்த துணிப்பை இருந்தது. அதிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தான். கொடுக்கலாமா வேண்டாமா என்று அவன் எத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தானோ, காகிதம் ஓரமெல்லாம் கசங்கிக் கிழிந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துச் சோற்றின் மேல் தூவினான். மீதியை மூடியின் மேல் வைத்தான்.

"எனக்கு இன்னும் மனசு ஆறல பாய்," என்றான். "ஆறும்போது சொல்றேன்."

சொல்லிவிட்டு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெட்டியின் மறுபக்கத்திலிருந்து ஒரு கவளம் எடுத்தான்.

அந்தப் பத்தியம் பலித்தது. முதுகு தெளிந்தது, தொடை தெளிந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். பால் வந்தது, மீன் வந்தது, கத்தரிக்காய் வந்தது, தடிப்பு வரவில்லை. கடைசியில் டாக்டர் மாத்திரையை நிறுத்தி, தன் கண் முன்னால், தன் கிளினிக்கிலேயே வைத்துக் கொடுத்த ஒரு சிறு துணுக்கு முந்திரியில் அவர் மேலுதடு உருண்டு எழுந்தது. ஊசி போட்டு அடக்கினார்கள். அவர் திருடித் தின்ற அதே பொருள்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அடுப்பை விடவேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னபோது மெஹரூன்னிசா அவர் வீங்கிய உதட்டைப் பார்த்தாள். யார் வீட்டு நெய் என்ற பழைய கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்காததற்காக அவர் அவளுக்கு நன்றி சொல்லவும் இல்லை. இருவருக்கும் தெரியும்.

இப்போதும் பந்திகளில் யாராவது, எப்படி பாய் அத்தினி நாள் வாயைக் கட்டினீங்க என்று வியப்பார்கள். முன்போல அவர் வாசலருகே போய் நிற்பதில்லை. வழியில் பிடித்துக் கேட்டால்தான் பதில் வரும்.

"நான் கட்டல. அவங்க மூணு பேரும் கட்டினாங்க," என்பார். சொல்லும்போது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். எத்தனை முறை துவைத்தும் அந்தக் கறை போகவில்லை. அந்தச் சட்டையைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனமில்லை.